நான்கு அங்குல ஹோஸும் என் பத்மினியும்

போன ஞாயிறு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில்கூட வண்டி இருமவில்லை. ஓரம்கட்டி பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடவும் இல்லை. பழைய பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்னுடையது 1987 மாடல், அதே 1089 சிசி இன்ஜின்.

டேங்குக்குள் மின்சாரப் பம்ப் பொருத்திய கதைதான் இது. ஆனால் மலை ஏறியது இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி 19 நாள்தான் தாங்கியது.

மே மாத மதியம் பெருங்களத்தூர் நெரிசலில் நின்றவர்களுக்கு இந்தத் தொல்லையின் வேர் தெரியும். இன்ஜினில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கல் பம்ப், பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். பெட்ரோலின் இலகுவான பகுதி 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். உறிஞ்சினால் அழுத்தம் குறைந்து இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பம்ப்பின் ரப்பர் சவ்வான டயாபிரம் ஆவியைப் பிடித்துக்கொண்டு வெறுமனே ஆடும், வண்டி நிற்கும். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது வந்த பிறகு டயாபிரத்தை மட்டும் இரண்டு முறை மாற்றினேன். பின்னாலிருந்து தள்ளிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்தால் பெட்ரோலே அதைக் குளிர்விக்கும், சத்தமும் வெளியே வராது.

டேங்கை இறக்கியது, மேல் தகட்டில் துளை போட்டு வளையம் பற்றவைத்தது, பழைய பம்ப் இருந்த இடத்தை அலுமினியத் தகடு வைத்து மூடியது, ரிலே, ஃப்யூஸ் எல்லாவற்றையும் தாண்டிப் போகிறேன். பற்றவைப்பை மட்டும் நான் தொடவில்லை. காலி டேங்கில் நிற்கும் ஆவி, நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. ரேடியேட்டர் பட்டறைக்காரர் இரண்டு நாள் கழுவி ஊறவைத்து, துளைக்குக் கீழே வரை தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் டார்ச்சைக் கையில் எடுத்தார். அவருக்கே விட்டுவிடுங்கள்.

பம்ப் எடுத்தது சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில். இன்ஜெக்‌ஷன் மாருதி 800-இன் பம்ப். 3 பார், அதாவது ஏறக்குறைய 43 பி.எஸ்.ஐ. தரக்கூடியது. நம் கார்பரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. போதும். அதற்கு மேல் கொடுத்தால் கார்பரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி தோற்று, பெட்ரோல் இன்ஜின் மேல் வழியும். வாளியில் விட்டு அளந்தேன்: 40 வினாடிக்கு ஒரு லிட்டர், அதாவது மணிக்கு 90 லிட்டர். நெடுஞ்சாலையில் நம் வண்டி மணிக்கு ஏழு லிட்டர் குடித்தாலே பெரிது. மீதி முழுவதும் திரும்பிப் போக வேண்டும். எனவே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, மிச்சத்தை டேங்குக்கே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் வாய் வைத்த ரெகுலேட்டர்தான் வேண்டும். 6 மி.மீ. ரிட்டர்ன் பைப் போட்டபோது ரெகுலேட்டரின் அழுத்த முள் 7 பி.எஸ்.ஐ.-யில் நின்றது, ரெகுலேட்டரை எவ்வளவு திருகினாலும் இறங்கவில்லை. 8 மி.மீ. போட்டதும் 3-க்கு வந்து ஆணி அடித்தது போல் நின்றது. இதில் போன நேரம் ஒரு வாரம். இதைத்தான் வேலையிலேயே கடினமான இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் மாமல்லபுரம் போகும் வழியில் 60-க்கு மேல் வண்டி இழுக்கவில்லை. பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது. ரெகுலேட்டர் முள் மட்டும் ஒன்றில் தூங்குகிறது. ரிலேவை மாற்றினேன். எர்த்தைச் சுரண்டிப் புதிதாகக் கட்டினேன். ஃபில்டரை மாற்றினேன். பம்ப் பிளக்கில் மீட்டர் வைத்தால் 13.4 வோல்ட், குறை ஒன்றும் இல்லை. (முந்தைய உரிமையாளர் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்டு வைத்திருந்தார், புண்ணியவான்.) எங்கும் ஒழுகல் இல்லை, பெட்ரோல் வாடைகூட இல்லை. இரண்டு நாள் வீண்.

மூன்றாம் நாள் டேங்கைத் திறந்தால், பம்ப் வாயையும் டேங்க் துளை மூடியின் குழாயையும் இணைக்கும் நான்கு அங்குல நீள ரப்பர் ஹோஸ், மோரில் ஊறிய வடை போல உப்பிக் கிடக்கிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. கிளிப்புக்குக் கீழே நீளவாக்கில் ஒரு கீறல். பம்ப் தள்ளிய பெட்ரோலில் பாதி அந்தக் கீறல் வழியாக டேங்குக்குள்ளேயே பீய்ச்சி அடித்திருக்கிறது. பிறகு வாடை எப்படி வரும்!

நான் போட்டது மட்டமான ஹோஸ் அல்ல. இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கான ஆர்9 வகை. எத்தனால் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொன்னார், அதுவும் பொய் இல்லை. உள்பக்கத்துக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அதன் வெளித்தோல் வெயிலையும் இன்ஜின் சூட்டையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது, பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்காக அல்ல. தோலும் ஊறுகிறது, வெட்டிய முனையில் தெரியும் நூல் பின்னல் வழியாகவும் பெட்ரோல் உள்ளே ஏறுகிறது. மூழ்கிக் கிடப்பதற்கென்றே தனியாக ஒரு ரகம் இருக்கிறது: எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10. இந்த எழுத்துகள் ஹோஸ் மேலேயே அச்சாகியிருக்கும். இல்லையென்றால் கடைக்காரர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள்.

சென்னையில் வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் ஒரு முழு நாள் அலைந்தேன். ஏழெட்டுக் கடைகள். ஆர்10 என்றதும் பாதிப் பேர் ஆர்9-ஐ எடுத்துக் காட்டி, "சார், இரண்டும் ஒன்றுதான்" என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும், "தம்பி, அதெல்லாம் இங்கே யாரும் கேட்பதில்லை, வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொள்ளுங்கள்" என்று உண்மையைச் சொன்னார். தருவித்தேன். ஓர் அடி ஹோஸ், அஞ்சல் செலவோடு சேர்த்தால் பம்ப்பின் விலையைத் தாண்டிவிட்டது. புதுப்பேட்டையில் பம்ப் வாங்கும்போதே அது உட்காரும் கூடான மாட்யூலில் இருக்கும் நெளிவு வைத்த நைலான் குழாயையும் சேர்த்து வாங்கியிருந்தால் இந்தச் செலவு மிச்சமாகியிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. ஆனால் அதைக் கிளிப் போட்டு இறுக்க முடியாது. முனையைச் சுடுநீரில் இளக்கி, குழாய் நழுவாதபடி வரிவரியாக மேடு வைத்த முள்வாய் மேல் ஒரே அழுத்தில் ஏற்ற வேண்டும். நான் பழைய குழாய் ஒன்றில் பயிற்சி செய்து பார்த்ததில் மூன்றுக்கு இரண்டு விரிசல் விட்டன.

கிளிப்பிலும் ஒரு பாடம். துளைப்பட்டி வைத்த சாதாரணத் திருகு கிளிப்பின் பல்வரிசை ரப்பரைக் கடித்துவிடும். என் கீறல் அங்கிருந்துதான் தொடங்கியது என்று சந்தேகிக்கிறேன். இந்த முறை உட்புறம் வழுவழுப்பான, குறுக்கே ஒற்றைப் போல்ட் வைத்த கிளிப். உள்ளே போகும் வயருக்கும் டெஃப்ளான் உறை. சாதாரண வயரின் உறை உள்ளே விறைத்து வெடிப்பதையும் அதே டேங்கில் பார்த்துவிட்டேன்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. ஏற்காடு போவதற்கு முந்தின நாள் திறந்து பார்த்தேன், ஹோஸ் போட்ட அன்று இருந்த மாதிரியே இருக்கிறது.

பாக்கி வேலைகள் உண்டு. சாவியைத் திருப்பினாலே பம்ப் ஓடுகிறது. இன்ஜின் நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். விபத்து நேர்ந்து பைப் அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயில் அழுத்தம் இருந்தால் மட்டும், அதாவது இன்ஜின் ஓடினால் மட்டும், ரிலே இழுக்கும்படி சுவிட்ச் வாங்கி வைத்திருக்கிறேன், அதிர்ச்சியில் துண்டிக்கும் சுவிட்சும் தேடுகிறேன். இரண்டும் இல்லாமல் மலை ஏறியது தவறுதான்.

இன்னொன்று, பெட்ரோல் மீட்டரின் மிதவைக் கம்பி பம்ப் தாங்கியில் இடித்து நின்றுவிடுகிறது. முள் பாதிக்குக் கீழே இறங்குவதே இல்லை. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி டேங்க் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே வந்தேன். சேலம் பங்க்கில் போட்டுப் பார்த்தால், உள்ளே மிஞ்சியிருந்தது இரண்டு லிட்டர் இருந்தால் அதிகம். கம்பியை வளைக்க டேங்கை மறுபடி இறக்க வேண்டும். அதுவரை 200 கிலோமீட்டருக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடுகிறேன்.