மணியின் பிடிவாதம்

எங்கள் மணிக்கு அப்பா ஜாக் ரசல் டெரியர், அம்மா தெரு நாய். முழங்கால் உயரம்கூட இல்லை, பிடிவாதம் மட்டும் ஆளுயரம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், அப்புறம் தன் வேலையைத் தொடர்வான்.

வேலை என்றால், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருக்கும் பெருச்சாளி வளை. தலையை உள்ளே விட்டு உறுமிக்கொண்டே, முன்னங்காலால் மண்ணைப் பறித்து வயிற்றுக்கடியில் பின்னே தள்ளுவான். வெளியே வால் மட்டும் விறைத்து நடுங்கும். அம்மாவின் கனகாம்பரப் பாத்தி போயே போய்விட்டது.

அவனைச் சொல்லியும் பயனில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவனில் ஜான் ரசல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்கென்று வளர்த்த வம்சம். வளைக்குள் தனியாக நுழைந்து, குரைத்தே நரியை வெளியே கிளப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எஜமானன் முகத்தைப் பார்க்கிற நாய் அதற்கு உதவாது.

பெருச்சாளியோடு பகை என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியை வருடா வருடம் போட்டுவிடுகிறேன். தோண்டிக்கொள்ளட்டும் என்று கொல்லை மூலையில் மணல் கொட்டி, வேகவைத்த ஈரல் துண்டுகளைப் புதைத்தும் பார்த்தேன். ஈரலைத் தின்றுவிட்டு நேராகத் துவைக்கிற கல்லுக்குப் போகிறான்.

சரி, பூச்செடியெல்லாம் இனி மொட்டைமாடியில்தான் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். தொட்டி தூக்குவது நான்.