சி-பெப்டைடும் பெங்களூரா மூக்கும்

மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கும்போது அப்பாவைத் தோப்பை விட்டு வெளியே இழுப்பது லேசான காரியமில்லை. போன மாதம் எப்படியோ காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ் ஏற்றிக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. மாத்திரையோடு ராத்திரி இன்சுலினும் போட்டுக்கொள்கிறார், வீட்டைச் சுற்றி மாமரம் இருந்தும் ஒரு கீற்றுக்கு மேல் கிடையாது. இந்த முறை டாக்டர் சீட்டில் புதிதாக ஒன்று எழுதியிருந்தார், சி-பெப்டைடு. லேபில் "இது என்ன டெஸ்ட்டும்மா?" என்று அப்பா கேட்டதற்கு, "டாக்டர் எழுதியிருக்காருங்க, எடுத்துக்கலாம்" என்று பதில் வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது என் பக்கம் திரும்பினார். "நீ விலங்கியல்தானே படிச்ச கண்ணு, நீ சொல்லு."

படித்தேன்தான். செல் படம் எத்தனை முறை வரைந்திருப்பேன், அடுக்கு தோசை மாதிரி கோல்கை, அதன் பக்கத்தில் புள்ளி வைத்த எண்டோபிளாச வலை, பென்சிலைச் சீவிச் சீவிப் பாகம் குறித்து மார்க்கும் வாங்கினேன். ஆனால் அந்தப் படத்தில் ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு எதுவும் போவதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, எல்லாம் ஆளுக்கொரு மூலையில் சும்மா கிடக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்த பிறகுதான் அது ஒரே பாதை என்று உறைத்தது. அப்பாவின் ரிப்போர்ட்டில் வரப்போகும் எண்ணும் அந்தப் பாதையில் உதிர்ந்த ஒரு துண்டைப் பற்றியதுதான்.

அப்பாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். மண்டியில் பெங்களூராவை எப்படிக் கண்டுபிடிப்போம்? நுனியில் கிளிமூக்கு இருக்கும். பெரும்பாலும் அது மாங்கூழ் ஃபேக்டரிக்கு. செந்தூரா பெரும்பாலும் பழமாகவே பெட்டியில் போகும். செல்லிலும், ரைபோசோம் என்ற புரதப் பட்டறை செய்து தள்ளும் புரதங்களில் சில உள்ளேயே தங்க வேண்டும், சில வெளியே ரத்தத்துக்குப் போக வேண்டும், ஆனால் தரம் பிரிக்க ஆள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வெளியே போக வேண்டிய புரதம் முதலில் மூக்கோடுதான் பிறக்கிறது. இன்சுலின் பிறக்கும்போது 110 அமினோ அமிலம் நீளம், அதில் முதல் 24 தான் அந்த மூக்கு, அதாவது சிக்னல் வரிசை. அது ரைபோசோமை விட்டு வெளியே தலைகாட்டியதும், ஆறு புரதமும் ஒரு ஆர்.என்.ஏ.வும் சேர்ந்த ஒரு துகள் வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்து, வேலையைக் கொஞ்சம் நிறுத்தி, ரைபோசோமையே இழுத்துக்கொண்டு போய் எண்டோபிளாச வலையின் வாசலில் சேர்க்கிறது. செய்து முடிக்கப்படாத புரதம் நூல் மாதிரி அந்த வாசல் வழியாக உள்ளே இறங்குகிறது. இறங்கும்போதே மூக்கை வெட்டிவிடுகிறார்கள் (யார் என்று கேட்காதீர்கள், அதற்கும் ஒரு நொதி இருக்கிறது). மீதி 86.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த சங்கதி. இன்சுலின் சவ்வைத் தாண்டுவது அந்த ஒரே முறைதான். உள்ளே போன பிறகு எண்டோபிளாச வலையிலிருந்து சவ்வே சின்னப் பையாகக் கிள்ளிக்கொண்டு கிளம்புகிறது, கோல்கையில் ஒட்டுகிறது, அங்கே இன்னொரு பை கிளம்புகிறது, கடைசிப் பை செல்லின் ஓரத்துச் சவ்வோடு ஒட்டித் திறந்தால் உள்ளே இருந்தது வெளியே. அப்பாவுக்கு இது சட்டென்று பிடிபட்டது. "பழத்தை ஒரு தடவை கிரேட்ல போட்டுட்டா அப்புறம் கிரேட்டைத்தானே மாத்தி மாத்தி ஏத்துவோம், பழத்துல கையே வைக்க வேண்டியதில்லையே" என்றார். அதேதான்.

எண்டோபிளாச வலைக்குள்ளே 86 நீளச் சங்கிலி மடிகிறது, மூன்று கந்தகப் பிணைப்பு விழுகிறது. சரியாக மடியாததை அங்கேயே மறித்துவிடுவார்கள். பிறந்த சில மாதத்திலேயே சில குழந்தைகளுக்குச் சர்க்கரை வருகிறதே, அதில் ஒரு வகை இன்சுலின் மரபணுவில் பிழை ஏற்பட்டு, சங்கிலி கோணலாக மடிந்து, இந்த இடத்தில் தேங்கி, கடைசியில் செல்லையே சாகடிப்பதால் வருவது. ஒழுங்காக மடிந்தது கோல்கையைத் தாண்டி மணி மாதிரிப் பைகளில் அடைகிறது. அங்கேதான் இரண்டாவது வெட்டு. நடுவில் 31 கழன்று விழ, இரண்டு பக்கமும் இருந்த 30-ம் 21-ம் பிணைப்போடு சேர்ந்து நிற்கின்றன, அந்த 51 தான் இன்சுலின். கழன்ற 31 தான் சி-பெப்டைடு. (கூட்டிப் பார்த்து 82 தானே வருகிறது என்பவர்களுக்கு: மீதி நாலு வெட்டும் இடத்தில் உதிர்ந்துவிடும்.) இரண்டு பக்கமும் சரியாக மடிந்து சேரும்வரை நடுவில் பிடித்துக்கொண்டிருந்தது இந்தத் துண்டுதான், வேலை முடிந்ததும் ஓரம்கட்டிவிட்டார்கள்.

இன்சுலினும் துண்டும் ஒரே பையில் இருப்பதால், பை திறக்கும்போது இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்தத்துக்கு வருகின்றன. வெளியே வந்த இன்சுலினில் பாதியைப் போல ஈரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்ளும், சி-பெப்டைடை அவ்வளவாகத் தொடாது, ரத்தத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். ஊசி மருந்திலோ அது கிடையாது. ஆகவே வெளியிலிருந்து எவ்வளவு இன்சுலின் ஏற்றியிருந்தாலும், அப்பாவின் கணையம் சொந்தமாக எவ்வளவு செய்கிறது என்பதை இந்தக் கழிவுத் துண்டு காட்டிக்கொடுத்துவிடும். டாக்டர் கேட்டது அதைத்தான். லேபில் இதை இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம், சரி, அங்கே கூட்டம் அப்படி.

இதைக் கண்டுபிடித்த கதையும் கணையத்தில்தான் தொடங்குகிறது. கினிப் பன்றியின் கணையத் துண்டுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தை மூன்று நிமிடம் மட்டும் கொடுத்துவிட்டு, அது எங்கெங்கே போகிறது என்று ஜார்ஜ் பலாடேயின் குழு பின்தொடர்ந்தது. முதலில் எண்டோபிளாச வலை, அப்புறம் கோல்கை, இரண்டு மணி நேரத்தில் பைகள். 1974-ல் நோபல். அவருடைய இடத்திலேயே வேலை செய்த குந்தர் புளோபல், புரதத்தின் முன்முனையில் ஏதோ முகவரி இருக்க வேண்டும் என்று 1971-ல் சபட்டினியோடு சேர்ந்து எழுதினார், கையில் அதற்குச் சான்று என்று பெரிதாக எதுவும் இல்லாமலே. 1975-ல் அவரும் டாபர்ஸ்டைனும் நாய்க் கணையத்துச் சவ்வு, சுண்டெலிக் கட்டியின் ஆர்.என்.ஏ. என்று இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்துச் சோதனைக்குழாயிலேயே முழுப் பாதையின் வாசலை ஓடவைத்துக் காட்டினார்கள். எந்த விலங்கின் வாசலும் எந்த விலங்கின் மூக்கையும் படிக்கிறது! 1999-ல் நோபல் வந்தபோது, சிறுவயதில் தான் பார்த்து, பிறகு குண்டுவீச்சில் அழிந்த ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத் தேவாலயத்தைத் திரும்பக் கட்டவும், அங்கே புதிய யூத ஆலயம் எழுப்பவும் பரிசுப் பணத்தில் ஏறக்குறைய மொத்தத்தையும் கொடுத்துவிட்டார் புளோபல். பைகள் எப்படிக் கிளம்புகின்றன, எப்படிச் சரியான இடத்தில் ஒட்டுகின்றன என்பதற்கு ரோத்மன், ஷெக்மன், சூடோஃப் மூவருக்கும் 2013-ல் கிடைத்தது. இதில் ஷெக்மன் பாதையைப் பிடித்தது ஈஸ்டில். இன்று இன்சுலினில் ஒரு பகுதியை அதே ஈஸ்டுக்குள் மூக்கு வைத்துச் செய்து, அதுவே வெளியே கொட்டும்படி வாங்குகிறார்கள்.

எல்லா முகவரியும் மூக்கில் இருப்பதில்லை. செல்லின் குப்பையைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிக்குக் கோல்கையில் ஒரு சர்க்கரைத் துணுக்கில் பாஸ்பேட் முத்திரை குத்துவார்கள், அந்த முத்திரை குத்தும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குச் சரக்கு லைசோசோமுக்குப் போகாமல் ரத்தத்தில் வந்து நிற்கும்.

ரிப்போர்ட் மூன்றாம் நாள் வந்தது. வரம்புக்குக் கீழே, ஆனால் பூஜ்யம் இல்லை. ராத்திரி இன்சுலின் அளவை மட்டும் கொஞ்சம் மாற்றி, மாத்திரை அப்படியே தொடரட்டும் என்றார் டாக்டர். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தன் பங்கு செந்தூராக் கீற்றைத் தின்றுகொண்டே, "அந்த வெட்டின மூக்கு என்னாச்சு, அதைச் சொல்லவே இல்லையே" என்றார். அதையும் பார்த்து வைத்திருந்தேன். சவ்வுக்குள்ளேயே இன்னொரு நொதி அதைத் துண்டாக்கும், துண்டுகள் திரும்ப அமினோ அமிலமாகி அடுத்த புரதத்துக்குப் போகும்.

"கொட்டையைக்கூட வீணாக்க மாட்டாங்க போல" என்று கையைக் கழுவ எழுந்துவிட்டார்.