எட்டுக்குப் பதினொன்று

மார்ச் 4, செவ்வாய்
அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

மார்ச் 5, புதன்
தூக்கம் பிடிக்கவில்லை. மினோக்ஸ் பி குட்டிக் கேமராவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. 1958-லிருந்து 1972 வரை வந்த வகை. வெளிச்சம் அளக்க செலினியம் மீட்டர், பேட்டரி தேவையில்லை. விளக்கடியில் நீட்டினால் முள் இன்னும் எழுகிறது! லென்ஸிலும் பூஞ்சை இல்லை. பினாங்கு ஈரத்தில் இது பெரிய பாக்கியம். உளவாளி கேமரா என்கிறார்கள். தாலினில் 1936-ல் முதல் மாதிரியைச் செய்த வால்டர் ஸாப் நினைத்தது அதையல்ல. எவரும் எந்நேரமும் கையோடு வைத்திருக்க ஒரு கேமரா. எனக்கும் அதுதான் வேண்டும். பெரிய கேமராவைத் தூக்கினால் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். அது அப்பா இல்லை.

மார்ச் 6, வியாழன்
டாக்டர் இல்லையாம். அடுத்த வெள்ளி.

மார்ச் 8, சனி
ராத்திரி குளியலறையில் விளக்கணைத்து மினோக்ஸுக்கு ஃபிலிம் வெட்டினேன். 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் இரண்டு ஓரத் துளைகளையும் நீக்கினால், நடுவில் 9.2 அகலத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். பிளேடு ஒரே சீராக இழுபட வேண்டும், நடுவில் நின்றால் அந்த இடத்தில் பிசிறு. "இன்னுமாடா?" என்று அம்மா கதவைத் தட்டினார். அப்பாவுக்கு மறுபடி வாந்தி. பட்டைகளை டப்பாவில் போட்டு மூடிவிட்டு ஓடினேன்.

மார்ச் 9, ஞாயிறு
அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார்!
சாயங்காலம் வீட்டு முன் ஐந்தடி நடைபாதையில் கேமராவை அவர் கையில் கொடுத்தேன். இழுத்தார், தள்ளினார், இழுத்தார். அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. இந்த மாடலில் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒவ்வொரு முறை தள்ளி மூடி இழுத்துத் திறக்கும்போதும் ஃபிலிம் நகர்ந்துவிடும். சொல்லவில்லை. போகட்டும். "ஃபெரி கயிறு தூக்கின கைக்கு இது எம்மாத்திரம்" என்றார்.
பிறகு அந்தக் கையைத்தான் எடுத்தேன். கேமராச் சங்கிலியிலுள்ள மணிகள்தான் கிட்டத்து தூரத்துக்கு அளவு. 20 சென்டிமீட்டர் மணியை அவர் விரல் கணுவில் வைத்துப் பார்த்து, சங்கிலியை விட்டு, அமுக்கினேன். உள்ளங்கைக் காய்ப்பு, ஊசி போட்ட நீலம், கொஞ்சம் தளர்ந்த மோதிரம். அப்பா பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 10, திங்கள்
போனில் எடுக்க வேண்டியதுதானே என்கிறார்கள். கோபமாக வருகிறது. போனில் நூறு படம் இருக்கிறது. எல்லாவற்றிலும் அப்பா எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.
மோதிரத்துக்கு நூல் சுற்றச் சொன்னார் அம்மா.

மார்ச் 11, செவ்வாய்
ஃபிலிம் கழுவும் டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். இந்த வெயிலில் குழாய்த் தண்ணீர் அதற்கு எங்கே ஒத்து வரும். கடையில் ஐஸ் வாங்கி பாட்டிலைச் சுற்றிக் கொட்டி, தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் காய்ச்சலையும் இன்று முழுக்க இப்படித்தான் பார்த்தேன். 38.4.

மார்ச் 12, புதன்
38.1. நெகட்டிவ் காய்ந்துவிட்டது. எட்டுக்குப் பதினொன்று மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் அளவு. லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடையிடையே வெறும் ஃபிரேம்கள், அப்பா இழுத்துத் தள்ளி விளையாடியவை. அவற்றுக்கு நடுவே கை. ரேகையெல்லாம் விழுந்திருக்கிறது. மோதிரத்துக்கும் விரலுக்கும் இடையிலிருந்த இடைவெளிகூடத் தெரிகிறது. அதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்
அக்கா கோலாலம்பூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறிவிட்டாள். இரண்டாவது பட்டையைக் கேமராவில் ஏற்றி வைத்திருக்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு. அப்பா பசியாறக் கூடாதாம், ரத்தம் எடுப்பார்களாம்.