ஊதமாட்டேன் என்று சொல்லலாமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறாரா என்று பார்க்க, போலீஸ் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதச் சொல்கிறது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவைக் காட்டி ஊத மறுக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். பலிக்காது. கைரேகை, கையெழுத்து மாதிரி தருவது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று 1961-இல் காத்தி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மூச்சுக்கும் இரத்தத்துக்கும் அதே கணக்குதான். மறுத்தால், போதை சந்தேகம் இருக்கும்பட்சத்தில், மோட்டார் வாகனச் சட்டம் 203-இன் கீழ் வாரண்ட் இல்லாமலே கைது. ஸ்டேஷனில் இரத்த மாதிரி கேட்பார்கள். காரணமில்லாத மறுப்பே 205-இன்படி அரசுத் தரப்புக்கு வலு சேர்க்கும். "எத்தனை பெக்?" என்ற கேள்விக்கு மட்டும் வாய் திறக்காமல் இருக்கலாம்.

வண்டி ஓட்டுபவருக்கு மது வரம்பு, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். மவுத்வாஷ் கொப்பளித்த கையோடு ஊதினால் மீட்டர் ஏறிக் காட்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். கைதாகி 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் 202-இன்படி காவலிலிருந்து விடுவித்தாக வேண்டும்.