சிங்கப்பூர் – நியூயார்க்: காற்று போகும் வழி

8 டிசம்பர் 2024
வரும் சனிக்கிழமை ராத்திரி நியூயார்க் கிளம்புகிறோம். "எவ்ளோ தூரம் தாத்தா?" என்று பேரன் வீடியோ காலில் கேட்டான். மிகக் குறுகிய வழியில் சுமார் 15,350 கிலோமீட்டர். இன்றைக்கு இடைநில்லாமல் பறக்கும் பயணிகள் விமானத் தடங்களில் இதுதான் மிக நீளமானது. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. அட்டவணையில் பதினெட்டரைக்கும் மேல் போட்டிருக்கிறார்கள்.

14 டிசம்பர், சாங்கி விமான நிலையம்
நாங்கள் ஏறப்போவது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறக்கும் ரகம். இந்தத் தூரத்துக்காகவே எரிபொருள் அமைப்பை மாற்றி, 1,65,000 லிட்டர் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். இருக்கைகள் 161 மட்டுமே. எகானமி வகுப்பே கிடையாது, டிக்கெட் விலை கையைக் கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் மனைவியின் முழங்கால் வலிக்கு, பிராங்க்பர்ட்டில் இறங்கி ஏறும் வழியைவிட இதுதான் சரி.

15 டிசம்பர், நியூயார்க்
இப்படி ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை. ஜப்பான் பக்கம் போகும்போது ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டியதும் சனிக்கிழமை மதியம் ஆகிவிட்டது! ஜன்னல் மூடியை ஒரு விரற்கடை தூக்கிப் பார்த்தேன். இறக்கையின் நுனி சிவந்து கிடந்தது. விடிந்து நான்கைந்து மணி நேரத்திலேயே பொழுது சாய்ந்துவிட்டது. அப்புறம் அலாஸ்கா, கனடா எல்லாம் கும்மிருட்டு. இறங்கும்போது நியூயார்க்கில் இன்னும் விடியவில்லை, மறுபடி ஞாயிற்றுக்கிழமை. குளிர்காலத்தில் இங்கே சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்னால்.

17 டிசம்பர்
பேரனின் பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே தையல் நூலை இழுத்துப் பிடித்தோம். நூல் வடதுருவத்தை ஒட்டிப் போய் நின்றது. சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74, கூட்டினால் 178. கிழக்கு மேற்காக மட்டும் பார்த்தால் ஏறக்குறைய உலகின் நேர் எதிர்ப்பக்கம். "அப்போ ஏன் ஜப்பான் வழியா வந்தீங்க?" என்றான். நல்ல கேள்வி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. அது முதுகில் தள்ளினால், சுற்று வழியானாலும் சீக்கிரம் வந்துவிடலாம், எரிபொருளும் மிச்சம். அதனால் ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்துத்தான் வழி போடுகிறார்கள்.

7 ஜனவரி 2025, சிங்கப்பூர்
ஞாயிறு ராத்திரி ஏறி, செவ்வாய் காலை இறங்கினோம். திங்கட்கிழமை முழுக்க வானத்தில்தான் கழிந்தது. திரும்பும்போது பசிபிக் பக்கமே போகவில்லை. அட்லாண்டிக், ஐரோப்பா, இந்தியா, வங்காள விரிகுடா என்று மறுபடியும் கிழக்கு நோக்கியே பறந்தது. போனதும் கிழக்கு, வந்ததும் கிழக்கு. ஆக, மகளைப் பார்க்கப் போன சாக்கில் நாங்கள் இருவரும் உலகத்தை ஒரு முழுச் சுற்றே சுற்றி வந்துவிட்டோம்.