லாரியில் நாற்பது ஏறும்

"சாயங்காலம் அவங்களே ஓட்டிட்டுப் போயிடுவாங்க தம்பி, இப்ப எதுக்குத் தூக்கணும்?" என்று சிங்கப்பூரின் ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து, எங்கள் வாடகைச் சைக்கிள் நிறுவனத்தின் லாரியை ஓட்டும் அண்ணன் தொலைபேசியில் கேட்டது 2019இல். அந்தக் கேள்விக்கு இன்றும் மனத்துக்குள் புதிது புதிதாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

வீவக அடுக்குமாடி வீட்டு புளோக்குகளிலிருந்து ரயில் பிடிக்க வருகிறவர்கள் விட்டுச்செல்லும் வாடகைச் சைக்கிள்கள், காலை ஒன்பது மணிக்குள் சைக்கிள் நிறுத்தும் மஞ்சள் கட்டத்தை நிரப்பி நடைபாதைக்கு வழிந்துவிடும். அவ்வாண்டு ஜனவரியிலிருந்து, நிறுத்துமிடத்தில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யாமல் பயணத்தை முடிப்பவருக்கு 5 வெள்ளி கூடுதல் கட்டணம். பாதையை மறித்தபடி வண்டிகள் கிடந்தாலோ பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் என் திரையில் அந்த இடம் சிவப்பாகத் தெரிந்தது. நாற்பது சைக்கிள்களை ஏற்றிப் புளோக்குகளுக்கே திருப்பிக் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். "சரி தம்பி" என்றார்.

மாலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கட்டத்தில் இரண்டே சைக்கிள்கள். ஒன்றில் சங்கிலி கழன்று தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் திரையோ இரண்டையுமே ஓட்டத் தயார் என்று காட்டியது. படத்துக்குக் கீழே அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

விதியைத்தானே பின்பற்றினேன் என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் விதிக்காக என்றால், கட்டத்துக்கு வெளியே நின்ற பத்துப் பன்னிரண்டை எடுத்திருந்தாலே போதும். லாரியில் நாற்பது ஏறும், பாதி காலியாக அனுப்பினால் மேலே கேள்வி வரும் என்பதால்தான் நாற்பது என்றேன். இதை அண்ணனிடம் சொல்லியிருந்தால் அவர் புரிந்துகொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். திருப்பி வைத்த வண்டிகளில் சில, பகலில் ஈரச்சந்தைக்குப் போனவர்களுக்கு உதவியிருக்கும் என்றும் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். எத்தனை வண்டிகள் நகர்ந்தன என்ற கணக்கு ஐந்து நிமிடத்தில் எடுக்கக்கூடியதுதான். ஏனோ, அதை நான் எடுத்துப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை, "எத்தனை தூக்கணும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த மாத அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே, 'நல்ல ஒத்துழைப்பு' என்று எழுதினேன்.