பொன்மலையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு: ட்ரெய்லரில் போகும் ரயில் பெட்டி

நீலகிரி மலை ரயிலின் பெட்டியைத் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை எதற்காக ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும் என்று, கனரகச் சரக்குப் போக்குவரத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. இரண்டு இடத்திலும் ரயில் நிலையம் இருக்கிறது, நடுவில் தண்டவாளமும் இருக்கிறது, கேள்வி நியாயமானதுதான். ஆனால் மலை ரயில் ஓடுவது மீட்டர் கேஜ் பாதையில், அதாவது இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள பாதையில். சமவெளியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வரும் பாதையோ 1873-இல் போடப்பட்டதிலிருந்தே அகலப் பாதை. ஆகவே 1899-இல் குன்னூர் வரை மலைப்பாதை திறக்கப்பட்டபோதே மற்ற மீட்டர் கேஜ் பாதைகளோடு அதற்குத் தொடர்பு கிடையாது. தென்னகத்தில் மீட்டர் கேஜ் வண்டிகள் எங்கும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்கூட, இந்தப் பெட்டிகள் தம் சொந்தச் சக்கரங்களில் உருண்டு திருச்சிக்கு வந்துவிட முடியாது. வேறொன்றின் முதுகில் ஏறித்தான் வர வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த வேலையில் எடைதான் பெரிய சவால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காற்றாலை உதிரிப் பாகங்களையும் மின் நிலைய மின்மாற்றிகளையும் ஏற்றிப் பழகிய வண்டிகளுக்கு, ஒரு பழைய மலை ரயில் பெட்டியின் எடை ஒரு பொருட்டே இல்லை. என்னைக் கேட்டால், இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் பெட்டியை எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்பதுதான். அது தெரியாமல் எத்தனை பெரிய கிரேனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பயனில்லை.

ரயில் பெட்டி ஒன்று தன் வாழ்நாள் முழுவதும் இரண்டே இடங்களில்தான் அமர்ந்திருக்கிறது: முன் போகியின் நடுவிலும் பின் போகியின் நடுவிலும். போகி என்று நாங்கள் சொல்வது பெட்டியை அல்ல, அதன் அடியில் சக்கரங்களும் ஸ்பிரிங்குகளும் பொருத்தப்பட்ட சட்டத்தை. அடிச்சட்டம் முழுவதும் அந்த இரண்டு புள்ளிகளை நம்பியே செய்யப்பட்டிருக்கிறது. பழைய மர உடல் பெட்டிகள் பலவற்றில், நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் இருக்க அடியில் இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டி முறுக்கி வைத்திருப்பார்கள். போகிகளைக் கழற்றிவிட்டு உடலை மட்டும் ட்ரெய்லரில் இறக்கும்போது, நடுவிலும் ஒரு ஸ்லீப்பர் கட்டையை வைத்துவிட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று புதிதாக வரும் ஆட்களுக்குத் தோன்றும். அது பாதுகாப்பு அல்ல. சாலையில் ஒரு வேகத்தடை ஏறி இறங்கும்போது எடை முழுவதும் ஒரு நொடி அந்த நடுக்கட்டையில் விழும். அடிச்சட்டம் அதுவரை அறியாத திசையில் வளையும். மேலே உள்ள மரப் பலகைகளின் இணைப்புகள் வாய் திறக்கும். ஆகவே கட்டைகளை போகி இருந்த இடத்தில் மட்டும் அடுக்குகிறோம். நடுவில் கை நுழையும் அளவுக்காவது இடைவெளி இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்துக்கொள்வேன்.

போகிகளோடு சேர்த்தே ஏற்றுவது இன்னொரு முறை. ட்ரெய்லர் தளத்தின் மேல் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு தண்டவாளத் துண்டுகளைப் பொருத்தி, பெட்டியைச் சாய்தளத்தின் வழியே வின்ச் வைத்து மெல்ல இழுத்து ஏற்றுவோம். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், ஏனென்றால் பெட்டி அந்தரத்தில் தொங்குவதில்லை. ஆனால் இதில் போகியின் ஸ்பிரிங்குகள் ஒரு தொல்லை. பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும், சாலைக் குலுக்கலில் ஸ்பிரிங் அமுங்கும்போது பெல்ட் தளர்கிறது, எழும்பும்போது வெட்டி இழுக்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் கட்டு நெகிழ்ந்துவிடும். அதனால் கட்டுவதற்கு முன் ஸ்பிரிங்குகளுக்கு இணையாகக் கடின மரத்தில் ஆப்பு அடித்து, அவற்றை வேலை செய்யவிடாமல் நிறுத்திவைக்க வேண்டும். சங்கிலியும் பெல்ட்டும் அடிச்சட்டத்திலிருந்தும் போகிச் சட்டத்திலிருந்தும்தான் போக வேண்டும். கூரைக்கு மேலே சுற்றிக் கட்டுவது பார்ப்பதற்கு உறுதியாகத் தெரியும், ஆனால் மர உடலை நசுக்கும். பெட்டியின் கை பிரேக்கை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. சக்கரத்தின் இரு பக்கமும் இரும்புத் தடைகளைத் தண்டவாளத்தோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவோம்.

அனுமதிச் சீட்டுகள், முன்னால் செல்லும் ஜீப், சிவப்புக் கொடி, அளவு மீறிய சரக்கு என்று அறிவிக்கும் ஓ.டி.சி. பலகை ஆகியவை எல்லாப் பெரிய சரக்குக்கும் உள்ளவைதான்.

வழி ஏறக்குறைய 240 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து கரூர் வரை சாலை பெரும்பாலும் காவிரியை ஒட்டியே போகிறது; பக்கத்திலேயே ரயில் பாதையும் வருகிறது. குளித்தலை அருகே எங்களைக் கடந்துபோகும் பயணிகள் ரயிலின் சன்னல்களிலிருந்து எட்டிப்பார்க்கும் முகங்களைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். காங்கேயம் தாண்டி டீக்கடையில் நிறுத்தியபோது ஒரு பெரியவர் ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, “ஏனுங்க, ரயிலுக்கே பஸ் வெக்கற காலம் வந்துருச்சுங்களா?” என்று கேட்டார். ஓட்டுநர் சளைக்காமல், “டிக்கெட் எடுத்துருக்குதுங்க ஐயா” என்றார்.

அந்தப் பகுதியில் கவனிக்க வேண்டியது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பல்லடம் சுற்றுவட்டாரத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுழலும். வெற்றுப் பெட்டி என்பது எடை குறைவாகவும் பக்கச் சுவர் பெரிதாகவும் உள்ள சரக்கு. கரூரிலிருந்து மேற்கு நோக்கிப் போகும்வரை காற்று எதிரே வருகிறது, அதனால் வேகம் குறைவதோடு சரி. பல்லடத்திலிருந்து வடக்கே அவிநாசிப் பக்கம் திரும்பியதும் அதே காற்று பக்கவாட்டில் அறையத் தொடங்கும். கோவை நகரத்துக்குள் நுழையாமல் அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போவதற்கு இந்தத் திருப்பம் தேவைப்படுகிறது. ஆகவே அந்த மாதங்களில் திரும்புவதற்கு முன்பு ஒருமுறை எல்லாக் கட்டுகளையும் இறுக்கி, பலத்த காற்று தணியும் விடிகாலை வரை காத்திருப்பது எங்கள் வழக்கம்.

உயரம்தான் அடுத்த கவலை. சாலைக்குக் குறுக்கே தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளுக்காக நீண்ட காய்ந்த மூங்கிலோடு ஓர் ஆள் முன்னால் நடப்பார். தேவைப்பட்டால் மின்வாரிய லைன்மேனை அழைத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிக் காத்திருப்போம். மின்மயமான ரயில் பாதையின் லெவல் கிராசிங்குகளில் 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே எந்த வண்டியும் உரசிவிடக்கூடாது என்பதற்காக 4.67 மீட்டரில் இரும்பு உயரத் தடை நிறுத்தியிருக்கிறார்கள். ட்ரெய்லர் தளத்தின் உயரம், தண்டவாளத் துண்டின் உயரம், அதன்மேல் சக்கரத்திலிருந்து கூரை வரை உள்ள உயரம் என எல்லாவற்றையும் கூட்டினால் இந்த அளவை நெருங்கிவிடும் பெட்டிகளுக்கு, போகிகளைக் கழற்றித் தனி லாரியில் அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. ரயில் பெட்டி போவதற்கு ரயில் பாதையே தடையாக நிற்பதை நினைத்தால் விந்தையாகத்தான் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்துக்கு மேல் ட்ரெய்லருக்கு வேலையில்லை. குன்னூர் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அத்தனை நீள வண்டி திரும்பாது. அங்கிருந்து மேலே, கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பாதையில், நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் பெட்டி தானே ஏறிக்கொள்ளும்.

போகியைத் தனியாகக் கொண்டுவந்திருந்தால், இறக்கும் வேலையில் கடைசிப் பத்து நிமிடங்கள் மிகவும் பொறுமை கேட்பவை. உடலை இரண்டு கிரேன்கள் பிடித்திருக்கும். இரண்டு ஓட்டுநர்களும் சைகை காட்டும் ஒரே ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்பது கண்டிப்பு. போகியின் நடுக்கிண்ணத்தில் கிரீஸ் பூசியிருக்கும். பெட்டியின் அடியிலிருக்கும் முளை அதற்குள் நேராக அமர வேண்டும். தண்டவாளத்தின் ஓரத்தில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்க்கும் மேஸ்திரி, “ரெண்டு நூல் ஊட்டிப் பக்கம்... ஒரு நூல்... நிறுத்து, நிறுத்து... இப்ப விடு” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கயிறு பிடித்திருக்கும் ஆட்கள் பெட்டியைத் தள்ளுவதில்லை, அது ஆடாமல் இருக்கும்படி தாங்கிக்கொள்வதோடு சரி. முளை கிண்ணத்தில் இறங்கும்போது பெரிய ஓசை எதுவும் வராது. வந்தால் எங்கோ தட்டுகிறது என்று பொருள்.

பிறகு கதவுகள். பொன்மலையில் ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்து, எது எளிதாக மூடுகிறது, எது உரசுகிறது என்று குறித்துவைத்திருப்பேன். உடல் எங்காவது முறுக்கிக்கொண்டிருந்தால் அளவு நாடாவுக்கு முன்பாகக் கதவு சொல்லிவிடும். மேட்டுப்பாளையத்தில் அதே வரிசையில் மீண்டும் திறந்து மூடிப் பார்ப்போம். ரயில்வே ஊழியர்கள் ஸ்பிரிங் ஆப்புகள் முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டனவா என்று எண்ணி, பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நிற்கும் மேடையிலுள்ள கை பிரேக்கைச் சுற்றிச் சோதித்து, சக்கரங்களுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்த பின்தான் ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திடுவார்கள். அந்தச் சீட்டு கைக்கு வருவதற்கு முன் கிரேன்களை அனுப்பக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். மணிக்கணக்கில் வாடகை ஏறுகிறதே என்று அலுவலகத்திலிருந்து எத்தனை முறை அழைப்பு வந்தாலும் சரி.